ஹீற்றர் பிளக் துளையும் ரீமரும்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

கராஜ் நடத்தும் நண்பர்களுக்கும் வாகனச் சொந்தக்காரர்களுக்கும் யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியிலுள்ள எங்கள் கடையிலிருந்து வணக்கம்.

சென்ற மாதம் எங்களிடம் ரீமர், அதாவது ஹீற்றர் பிளக் துளையில் ஏறிய கரியைச் சுரண்டும் கருவி, வாங்கிச் சென்ற ஒருவருடைய பாடசாலை வானில் அந்தத் துளையின் மரை அறுந்துபோனது. பிழை அவருடையது அல்ல. அந்த என்ஜினின் மரைக்கு 1.25 மில்லிமீற்றர் இடைவெளி. நாங்கள் கொடுத்த ரீமரின் மரைக்கு 1.0. இரண்டின் விட்டமும் 10 மில்லிமீற்றர்தான். பெட்டியின் மேல் விட்டம் மட்டும் எழுதியிருந்தது, நாங்களும் திறந்து பார்க்காமல் கொடுத்துவிட்டோம். ஹெட்டை (என்ஜினின் மேல் மூடிப் பகுதியை) கழற்றி லேத் பட்டறையில் மரை போட்ட செலவைக் கடை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் நான்கு நாட்கள் அந்தப் பிள்ளைகள் வெயிலில் பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள். அந்த மன உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

“யாழ்ப்பாண வெக்கைக்கு ஹீற்றர் பிளக் எதற்கு?” என்று கடைக்கு வரும் பலர் கேட்கிறார்கள். நம் வீதிகளில் ஓடும் பழைய டீசல் வான்கள் பலவற்றில் டீசல் நேரே பிஸ்டனின் மேல் தெளிக்கப்படுவதில்லை. ஹெட்டுக்குள் இருக்கும் ஒரு சிறு அறையில்தான் முதலில் தீப்பற்றுகிறது. காற்று 22 மடங்கு அளவுக்கு அழுத்தப்பட்டாலும், இரவு முழுவதும் ஆறிக் கிடந்த அந்த அறையின் சுவர் சூட்டை உறிஞ்சிவிடும். அந்த அறையை முன்கூட்டியே சூடாக்குவதுதான் ஹீற்றர் பிளக்கின் வேலை. பிளக் வேலை செய்யாவிட்டால் மார்கழி விடியற்காலையில் என்ஜின் நெடுநேரம் சுற்றி, வெள்ளைப் புகை கக்கி, நடுங்கிக்கொண்டு எழும்புவது இதனால்தான். அப்படிச் சுற்றச் சுற்ற பற்றறியும் ஸ்ராட்டர் மோட்டாரும் தேய்கின்றன.

உடனே நான்கு புதிய பிளக் வாங்கிப் போடுகிறோம். இரண்டு மாதத்தில் அவற்றில் ஒன்று செத்துவிடுகிறது. “பிளக் தரமில்லை” என்று திரும்பக் கொண்டுவருகிறார்கள். சிலவேளை அது உண்மை. பலவேளை குற்றம் துளையில் இருக்கிறது. பிளக்கின் மெல்லிய நுனிக்கும் துளைச் சுவருக்கும் இடையில் தலைமயிர் போன்ற ஓர் இடைவெளி உண்டு. ஆண்டுக் கணக்கில் அங்கே கரி ஏறி, சோற்றுப் பானையின் அடிப்பிடி போல இறுகிவிடும். அதற்குள் புதிய பிளக்கை முறுக்கினால் பிளக்கின் கூம்பு வடிவப் பகுதி தன் இருக்கையில் முழுவதுமாகப் பொருந்தாது, அழுத்தக் காற்று அந்த வழியாகக் கசியும், கசியும் சூடு மேலும் கரியைச் சேர்க்கும். நுனியின் சூடும் கரி வழியாக ஹெட்டுக்குப் போய்விடும். கடைசியில் பிளக் வீங்கி இறுகி, அடுத்த முறை கழற்றும்போது பாதி கையிலும் பாதி ஹெட்டிலுமாக நிற்கும்.

ஆகவே பிளக் மாற்றும் ஒவ்வொரு முறையும் துளையைச் சுத்தம் செய்யுங்கள். அதற்குரிய கருவி ரீமர். கம்பித் தூரிகையோ, ட்ரில் அலகோ, தீட்டிய ஸ்க்ரூ ட்ரைவரோ அந்த வேலைக்கு ஆகாது. ட்ரில் அலகு கரியையும் அலுமினியத்தையும் வேறுபாடு பார்க்காமல் தின்னும். ரீமருக்கோ மேலே மரை இருக்கிறது. ஹெட்டின் மரையையே வழிகாட்டியாகப் பிடித்துக்கொண்டு அது நேராக இறங்கும். அந்த மரை பொருந்தாவிட்டால் என்ன நடக்கும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

பழைய பிளக்கைக் கழற்றும்போது அவசரம் வேண்டாம். முதல் நாள் இரவே துருநீக்கி ஒயில் விட்டு வையுங்கள். மறுநாள் என்ஜினைச் சூடாக்கிய பின் கழற்றுங்கள். 10 மில்லிமீற்றர் பிளக்குக்கு 35 நியூற்றன் மீற்றர், 8 மில்லிமீற்றருக்கு 20, அதற்கு மேல் முறுக்கு விசை கொடுக்காதீர்கள். இளகாவிட்டால் சற்று இறுக்கி, சற்றுத் தளர்த்தி, மீண்டும் ஒயில் விட்டுப் பொறுத்திருங்கள். நீளமான குழாயைச் சாவியில் மாட்டி இழுப்பவர்களை நினைத்தால் எனக்குப் பயம்தான்.

ரீமரை இறக்கும் முன் பழைய பிளக்கின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூம்பிலிருந்து நுனி வரையுள்ள நீளமும் கூம்பின் சரிவும் ஒத்திருக்க வேண்டும். நீளம் மிஞ்சினால் நுனி உள்ளே எதையாவது தொடும். பிறகு ரீமரின் பள்ளங்களில் கிறீஸை நன்றாக அப்புங்கள். உதிரும் கரி உள்ளே விழாமல் அதில் ஒட்டிக்கொள்ளும். கையால் மட்டும் திருப்புங்கள், வெட்டும்போது வலப்பக்கமாக மட்டும். உள்ளே வெட்டும்போது பின்னோக்கித் திருப்பினால் கரித்துண்டு பல்லில் சிக்கும், வெட்டுவாயும் மழுங்கும். அரைச் சுற்றுக்குள் நறநறவென்று கையில் உணர்வீர்கள். வெட்டி முடிந்த பின் மரை வழியே மெல்லத் திருகி வெளியே எடுத்தால் பள்ளங்களில் கண்மை போலக் கருமையாகக் கிறீஸ் நிறைந்திருக்கும். துடைத்து, புதுக் கிறீஸ் வைத்து, மறுபடி இறக்குங்கள். மூன்றாவது நான்காவது முறையில் கை திடீரென இலேசாகும். எனக்கு மிகவும் பிடித்த கணம் அது.

பின்னர் டீசல் வராதபடி பம்பின் வயரைக் கழற்றி, துளைகளின் மேல் துணி போட்டு, பிளக் இல்லாமல் என்ஜினைச் சில சுற்றுகள் சுற்றவிடுங்கள். மிச்சக் கரி துணியில் வந்து விழும். முகத்தை அருகில் கொண்டுபோகாதீர்கள். புதிய பிளக்கை விரலால் இறுதிவரை திருகி, 10 மில்லிமீற்றருக்கு ஏறக்குறைய 15 நியூற்றன் மீற்றர் அளவில் இறுக்குங்கள். என்ஜின் கைநூலில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. புதிய பிளக்கை 12 வோல்ட் பற்றறியில் நேரே வைத்துச் சோதிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். குறைந்த வோல்ட்டில் இயங்கும் பிளக்குகள் அதில் சில நொடிகளில் எரிந்துவிடும்.

ஓராண்டுக்குள் கரி மீண்டும் கனமாக ஏறினால் ரீமரைத் தேடாதீர்கள். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைப் பாருங்கள். டீசல் பனிப்புகை போலத் தெறிக்காமல் ஒழுகினாலும், என்ஜின் ஒயில் எரிந்தாலும், காற்று வடிகட்டி அடைத்தாலும் எத்தனை முறை சுரண்டியும் பயன் இராது.

இனிமேல் எங்கள் கடையில் மரை அளவுத் தகடு வைத்துப் பார்க்காமல் எந்த ரீமரும் வெளியே போகாது. ஆகவே வரும்போது பழைய பிளக் ஒன்றைக் கையோடு கொண்டுவாருங்கள், என்ஜின் இலக்கத்தையும் குறித்துவாருங்கள். ஒரு வாகனத்துக்காக ரீமர் வாங்க வேண்டியதில்லை. முற்பணம் வைத்து ஒரு நாளுக்கு எடுத்துச் செல்லலாம், மழுங்காமல் திரும்பினால் முழுப் பணமும் தருவோம். பிளக் உள்ளே முறிந்திருந்தால் ரீமர் கேட்காதீர்கள். அது வேறு கருவி, வேறு கை வேலை. செய்யத் தெரிந்தவரிடம் நாங்களே அனுப்பிவைக்கிறோம்.

சென்ற ஆறு மாதத்தில் எங்களிடம் ரீமர் வாங்கியவர்கள், பயன்படுத்தியிருந்தாலும் சரி, ஒருமுறை கொண்டுவந்து காட்டுங்கள். அளவு பிழையானால் உடனே மாற்றித் தருகிறோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்