அடுத்த குழந்தைக்கும் வருமா?

அன்புத் தங்கைக்கு,

மண்டை ஓடு மூடாமல் போன குழந்தையைப் போல அடுத்ததும் ஆகிவிடுமோ என்று போனில் நீ அழுத அழுகையில் நான் சொன்னது எதுவும் உன் காதில் ஏறியிருக்காது. அதனால் எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, கவலைப்படாதே.

வரலாம். ஆனால் நீ பயப்படும் அளவுக்கு இல்லை. மண்டை ஓடு மூடாத குழந்தை ஒருமுறை உண்டானவர்களுக்கு, மறுமுறையும் மூளையிலோ தண்டுவடத்திலோ அந்த வகைக் குறை வர நூற்றுக்கு ஏறக்குறைய 3 வாய்ப்பு. மற்ற பெண்களைவிட இது பல மடங்கு அதிகம்தான். அப்படியும் 97 பேர் தப்பிவிடுகிறார்கள்.

அந்த மூன்றையும் குறைக்க வழி இருக்கிறது. உன்னைப் போன்ற தாய்மார்களை வைத்தே பல நாடுகளில் நடத்திய ஆய்வின் முடிவு 1991இல் வந்தது. கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே தினமும் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் எடுத்தவர்களுக்கு ஆபத்து 72 சதவீதம் குறைந்தது. நம் ஊரில் 5 மில்லிகிராம் மாத்திரையாகக் கிடைக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம்தான். உனக்கு அது போதாது.

"முன்பிருந்தே" என்பதுதான் முக்கியம். கரு உண்டாகி 28 நாளுக்குள் நரம்புக் குழாய், அதாவது பின்னால் மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறும் குழாய், மூடிவிட வேண்டும். நாள் தள்ளிப்போய், பரிசோதித்து, டாக்டரைப் பார்ப்பதற்குள் அந்த வேலை அநேகமாக முடிந்திருக்கும். ஆகவே குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்கி, மூன்றாம் மாதம் முடியும்வரை விடாமல் சாப்பிட வேண்டும்.

இன்னொன்று. நீ கட்டியிருப்பது சொந்த அத்தை மகனை. இருவரிடமும் ஒரே மரபணுக் கோளாறு மறைந்திருந்து குழந்தைக்கு வந்த நோயாக இருந்தால் கணக்கே வேறு: ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு. ஒன்றுக்கு வந்துவிட்டது, இனி மூன்று தப்பும் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு தடவையும் சீட்டைப் புதிதாகக் குலுக்குகிறார்கள். அப்படிப்பட்ட நோய்க்கு அடையாளமாக, ஸ்கேன் அறிக்கையில் குழந்தையின் சிறுநீரகம் பெரிதாக இருந்ததாகவோ, ஆறாவது விரல் இருந்ததாகவோ எழுதியிருக்கிறதா பார். இல்லாவிட்டாலும் மரபியல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடு. வலிப்புக்கோ சர்க்கரைக்கோ மருந்து எடுத்தால் அதையும் மறைக்காமல் சொல்.

கிரகணத்தன்று நீ காய் நறுக்கியதால் வந்தது என்கிறாராம் அத்தை. உன் ஸ்கேன் தேதியையும் கிரகணத் தேதியையும் வைத்துப் பார்த்தேன். கிரகணம் வந்தபோது குழாய் மூட வேண்டிய காலம் எப்போதோ கடந்துவிட்டது. டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போ. நான் சொன்னால் சண்டைதான் வரும்.

அன்புடன்,
அக்கா