எம்டன் பிடித்த முதல் கப்பல்

சென்னை

அன்புள்ள துரை,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. அதற்காக உடனே மாடிப்படி ஏற ஆரம்பித்துவிடாதே. எஞ்சின் ரூம் ஏணியில் ஏறி இறங்கித் தேய்ந்த முட்டி அது. இங்கே எல்லாரும் சுகம். சரஸ்வதிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது வீட்டில் இருக்கிற தூசியெல்லாம் அவளுக்குத் தெரிகிறது, எனக்குத்தான் வேலை கூடிவிட்டது.

பயணிகள் கப்பலில் நாலு பீரங்கியை ஏற்றினால் அது போர்க்கப்பலாகிவிடுமா என்று கேட்டிருந்தாய். நீ கேட்ட விதத்திலேயே உன் பதில் தெரிகிறது. எனக்கும் பெரும்பாலும் அதே அபிப்பிராயம்தான். 1939 நவம்பரில் ராவல்பிண்டி என்ற பி அண்ட் ஓ கம்பெனியின் பிரிட்டிஷ் பயணிகள் கப்பல் ஐஸ்லாந்துப் பக்கம் ஷார்ன்ஹார்ஸ்ட், க்னைசெனா என்ற இரண்டு பெரிய ஜெர்மன் போர்க்கப்பல்களிடம் மாட்டிக்கொண்டது. அதில் இருந்தவை எட்டுப் பழைய ஆறங்குலப் பீரங்கிகள். தப்பிக்க வழி இல்லை என்று தெரிந்தும் அவர்கள் சண்டை போட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது, 238 பேர் போனார்கள். இப்படிப்பட்ட கதைகள் உனக்குத் தெரிந்தவைதான். நான் இன்றைக்கு எழுத நினைத்தது ஒரு தடவைகூட எதிரிக் கப்பலைச் சுடாத ஒரு கப்பலைப் பற்றி. அதற்கும் நம் ஊருக்கும் ஒரு ஒட்டு உறவு இருக்கிறது.

ஐகோர்ட் மதில் சுவரில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு போட்டதற்கான கல்வெட்டை நீயும் பார்த்திருப்பாய். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் வந்து பர்மா ஆயில் கம்பெனித் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது, ஊரே காலி செய்துகொண்டு ஓடியது எல்லாம் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட கதை. அந்த எம்டன் வங்காள விரிகுடாவுக்கு வருவதற்கு முன்னால், முதல் உலகப்போர் தொடங்கிய அதே வாரத்தில், முதன்முதலாகப் பிடித்தது ஒரு ரஷ்யப் பயணிகள் கப்பலை. பெயர் ரியாசான். ஆகஸ்ட் 4-ம் தேதி, கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் நடுவில், சுஷிமா பக்கம். அந்தப் போரில் ஜெர்மன்காரர்கள் பிடித்த முதல் கப்பலும் அதுதான்.

ரியாசான் 1909-ல் கட்டியது. கட்டிய இடம் எல்பிங் என்ற ஜெர்மன் ஊர். அதாவது ரஷ்யர்கள் ஜெர்மனியில் காசு கொடுத்து வாங்கிய கப்பலை ஜெர்மன்காரர்கள் ஐந்து வருஷம் கழித்து இலவசமாகத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பயணிகள், தபால், கொஞ்சம் சரக்கு என்று கிழக்கு ஆசியத் துறைமுகங்களுக்கு இடையே போய்வந்துகொண்டிருந்த கப்பல். கொள்ளளவு மூவாயிரத்துச் சொச்சம் டன், நல்ல வேகம். எம்டனைக் கண்டதும் ஓடப் பார்த்தது. வெற்று வேட்டுக்கு நிற்கவில்லை, நிஜக் குண்டுகள் பக்கத்தில் விழ ஆரம்பித்த பிறகுதான் நின்றது. எம்டன் கேப்டன் வான் முல்லர் இதைக் கடலில் மூழ்கடிக்கவில்லை. இவ்வளவு புதிய, வேகமான கப்பலை மூழ்கடிக்க எந்தக் கடற்படைக்காரனுக்கும் மனசு வராது. சிங்டாவோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சிங்டாவோ அப்போது சீனக் கரையில் ஜெர்மனி வைத்திருந்த துறைமுகம்.

அங்கே நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. துறைமுகத்தில் கோர்மோரான் என்று ஒரு கிழட்டுப் போர்க்கப்பல் கிடந்தது, 1892-ல் கடலில் இறக்கியது. அதன் எஞ்சின் இனிமேல் கடலுக்குப் போகாது. ஆனால் எட்டு 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் இருந்தன, பழகிய மாலுமிகள் இருந்தார்கள், அடால்பெர்ட் சுக்ஷ்வெர்ட் என்ற கேப்டன் இருந்தார். பீரங்கிகளைக் கழற்றி ரியாசானில் பூட்டினார்கள், ஆட்களை ஏற்றினார்கள், பெயரையும் அப்படியே தூக்கி வைத்துவிட்டார்கள். கூடுவிட்டுக் கூடு பாய்வது என்பார்களே, அதேதான். ஆகஸ்ட் 10-ம் தேதி புதிய கோர்மோரான் கடலுக்குப் புறப்பட்டுவிட்டது. பிடித்த நாளிலிருந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நம் துறைமுகத்தில் ஒரு கிரேன் ரிப்பேருக்கு எத்தனை நாள் ஆகும் என்று நீ அடிக்கடி புலம்புவாய், அதனால் சொல்கிறேன்.

சரி, புறப்பட்டாயிற்று. எங்கே போவது? இங்கேதான் உன் பாடம் வருகிறது. கரி. நான் இதுவரை படித்த கடற்போர்க் கதைகளில் பீரங்கியை விடக் கரிதான் அதிகம் தீர்மானித்திருக்கிறது. எம்டன் பெயர் வாங்கியதே அதனால்தான் என்று நான் நினைக்கிறேன். கூடவே ஒரு கரிக் கப்பலை வைத்துக்கொண்டது, பிடிக்கிற கப்பல்களில் கரி ஏற்றியவை வந்தால் அவற்றையும் சேர்த்துக்கொண்டது. கோர்மோரானுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆகஸ்ட் கடைசியில் மார்ஷல் தீவுகளில் மஜுரோவில் ஜெர்மன் அட்மிரல் ஸ்பீயின் போர்க்கப்பல் கூட்டத்தைச் சந்தித்தது. பிரின்ஸ் ஐடெல் ஃபிரீட்ரிஷ் என்ற இன்னொரு பயணிகள் கப்பலும் அங்கே வந்து சேர்ந்திருந்தது, அதுவும் இதே மாதிரி ஆயுதம் பூட்டப்பட்டது. இரண்டையும் ஆஸ்திரேலியப் பக்கம் போய் வணிகக் கப்பல்களை வேட்டையாடச் சொல்லி அனுப்பினார் ஸ்பீ.

ஐடெல் ஃபிரீட்ரிஷ் பிறகு தென் அமெரிக்காப் பக்கம் போய்ப் பதினொரு கப்பல்களை மூழ்கடித்து, கடைசியில் அமெரிக்காவில் போய் அடைக்கலம் புகுந்தது. கோர்மோரான் ஒன்றையும் பிடிக்கவில்லை. ஆகஸ்ட் 23-ல் ஜப்பானும் போரில் இறங்கிவிட்டதால் பசிபிக் முழுக்க ஜப்பானியக் கப்பல்கள். செப்டம்பரில் ஆஸ்திரேலியர்கள் ரபவுலில் இறங்கி ஜெர்மன் நியூகினியைப் பிடித்துவிட்டார்கள், கரி கிடைக்கும் என்று நம்பியிருந்த இடமும் போயிற்று. அக்டோபரில் யாப் தீவு ஜப்பான் கைக்குப் போனது. நவம்பரில் சிங்டாவோவே விழுந்தது. ஒரு கப்பலுக்குப் பிறந்த வீடும் இல்லை, புகுந்த வீடும் இல்லை என்கிற நிலைமை. கரோலின் தீவுகளில் பவளத் திட்டுகளுக்கு நடுவே ஒளிந்து ஒளிந்து, கையிலிருந்த கரியை எண்ணி எண்ணி எரித்து நாளைக் கடத்தியிருக்கிறார்கள். ஒளிந்து நிற்கும்போதும் பாய்லரை அணைக்க முடியாதே, துரை. திடீரென்று ஓட வேண்டி வந்தால் நீராவி வேண்டும். சும்மா நிற்பதற்கே கரி செலவாகும் என்பதைக் கரையில் இருக்கிறவர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1914 டிசம்பர் 14-ம் தேதி குவாம் தீவில் அப்ரா துறைமுகத்துக்குள் நுழைந்தபோது கப்பலில் மிச்சம் இருந்தது சுமார் 50 டன். குவாம் அமெரிக்கர்களுடையது, அமெரிக்கா அப்போது நடுநிலை. ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போக 1,500 டன் கரியும் சாப்பாடும் கொடுங்கள் என்று கேட்டார் சுக்ஷ்வெர்ட். குவாமிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு! அந்த ஆளின் தைரியத்துக்கு அளவே இல்லை. கவர்னர் மாக்ஸ்வெல் பேருக்குக் கொஞ்சம் கரிதான் தருவேன், 24 மணி நேரத்தில் கிளம்பு, இல்லாவிட்டால் தடுத்து வைப்பேன் என்றார். அவரிடமே பெரிய கையிருப்பு இல்லை. வெளியே போனால் ஜப்பானியர்கள், உள்ளே இருந்தால் சிறை. 370-க்கும் மேற்பட்ட ஆட்களோடு கோர்மோரான் நங்கூரம் போட்டு நின்றது. அந்த ஆட்களில் நியூகினித் தீவுகளைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். யாருடைய சண்டைக்கோ அவர்கள் எதற்கு அந்தத் துறைமுகத்தில் காத்துக் கிடக்க வேண்டும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நம் கலாசிகளும் செராங்குகளும் வெள்ளைக்காரக் கப்பல்களில் எத்தனை பேர் இப்படிப் போனார்கள் என்பது உனக்குத் தெரியும்.

நின்றது எவ்வளவு காலம்? இரண்டு வருஷத்துக்கும் மேல். மாக்ஸ்வெல் கெடுபிடியான ஆள், கரைக்கு வர விடாமல் படுத்தியிருக்கிறார். 1916-ல் அவரை உடம்பு சரியில்லை என்று சொல்லி மாற்றினார்கள். அவர் இடத்துக்கு வந்த குரோனன், இவர்கள் கைதிகள் அல்ல, விருந்தாளிகள் என்று நடத்தினார். அப்புறம் ஜெர்மன் மாலுமிகள் தீவில் ஏறக்குறைய பிரமுகர்களாகிவிட்டார்கள். பாரேன், ஒரு கப்பலின் தலையெழுத்து கரையில் உட்கார்ந்திருக்கிற ஒரு அதிகாரியின் சுபாவத்தில் இருக்கிறது. லைசென்ஸ் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் நீ சொல்கிற அதே விஷயம்.

1917 ஏப்ரல் 6-ல் வாஷிங்டனில் போர்ப் பிரகடனம். குவாமில் அப்போது 7-ம் தேதி ஆகிவிட்டது. தந்தி வந்த காலையிலேயே அமெரிக்க அதிகாரிகள் கோர்மோரானுக்குப் போய் சரணடையச் சொன்னார்கள். கரையிலிருந்து கப்பலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு ஜெர்மன் படகு நிற்காததால் அதன் முன்னால் சுட்டார்கள். அந்தப் போரில் ஜெர்மனியின் மேல் அமெரிக்கா சுட்ட முதல் குண்டு அதுதான் என்று சொல்கிறார்கள். பிரான்ஸில் பெரும் சண்டைகள் நடந்த வெர்டன் எங்கே, சோம் எங்கே, அமெரிக்கா கணக்கைத் தொடங்கிய இடம் எங்கே!

சுக்ஷ்வெர்ட் சொன்ன பதில், ஆட்களைத் தருகிறேன், கப்பலைத் தர மாட்டேன் என்பது. கொஞ்ச நேரத்தில் கப்பலுக்குள் வைத்திருந்த வெடி வெடித்தது. ஆட்கள் தண்ணீரில் குதித்தார்கள். முந்தின நாள்வரை பழகிய அமெரிக்க மாலுமிகள்தான் இப்போது எதிரிகள், அவர்களே படகுகளைக் கொண்டுவந்து பெரும்பாலானவர்களைத் தூக்கினார்கள். சிலர் இறந்துபோனார்கள். இறந்தவர்களை முழு ராணுவ மரியாதையோடு அகானா கடற்படைக் கல்லறையில் புதைத்தார்கள். தப்பித்த ஜெர்மன்காரர்களை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஃபோர்ட் டக்ளஸ் முகாமுக்கு அனுப்பினார்கள்.

இதில் உனக்கும் எனக்கும் சண்டை வரும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நீ கேப்டன் பக்கம் பேசுவாய். கப்பலை எதிரிக்குக் கொடுப்பதா என்பாய். யோசித்துப் பார். இரண்டு வருஷத்துக்கும் மேலாக ஓரிடத்தில் நின்ற கப்பல், கரி இல்லை, போக வழி இல்லை. அமெரிக்கர்கள் எடுத்துக்கொண்டால் அவர்களுக்கு ஒரு போக்குவரத்துக் கப்பல் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். அதைத் தடுக்க, சரணடையப் போகிற நேரத்தில் சில பேர் சாக வேண்டுமா? ஆட்களை முதலில் இறக்கிவிட்டு வெடித்திருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். கெடு கொடுத்துவிட்டு அமெரிக்கர்கள் பக்கத்திலேயே நிற்கும்போது அது முடியாது என்று நீ சொல்லலாம். சொல், கேட்கிறேன். ராவல்பிண்டி கேப்டன் கென்னடி சண்டை போட்டதாவது மற்ற கப்பல்களுக்குத் தகவல் போகவும் எதிரியைத் தடுக்கவும் உதவியது. இங்கே அப்படி ஒன்றும் இல்லை.

ஆனாலும் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். தன் கப்பல் போரில் சாதித்தது ஒன்றுமில்லை என்று அந்த மனுஷனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். முல்லர் பெயரை உலகமே சொல்கிறது, அவர் பிடித்துக் கொடுத்த கப்பலில் தான் கரிக்குக் கையேந்திக்கொண்டு நிற்கிறோம் என்பது எவ்வளவு உறுத்தியிருக்கும். வீம்பு அங்கிருந்துதான் வந்ததோ என்னவோ.

கப்பல் இப்போதும் அப்ராவில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. 1943 ஆகஸ்டில் டோக்காய் மாரு என்ற ஜப்பானியக் கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி அதே துறைமுகத்தில் அடித்தது. அதுவும் ஒரு காலத்தில் பயணிகளையும் சரக்கையும் ஏற்றியதுதான், அதுவும் போருக்கு எடுக்கப்பட்டதுதான். போய் கோர்மோரான் மேலேயே சாய்ந்தது. முக்குளிக்கிறவர்கள் ஒரு கையை முதல் உலகப்போரிலும் மறு கையை இரண்டாம் உலகப்போரிலும் வைக்கலாம் என்று அங்கே விளம்பரம் செய்கிறார்கள். சுற்றுலாக்காரர்களின் வாய்க்குச் சொல்லவா வேண்டும்.

எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். இந்த அளவுக் கப்பல், வேகத்தைப் பாதியாகக் குறைத்து ஓட்டினால் கரிச் செலவும் பாதிதான் குறையுமா, அல்லது அதைவிட அதிகமாகக் குறையுமா? அதிகமாகக் குறையும் என்று நீ ஒருமுறை சொன்னதாக ஞாபகம். அப்படியானால் 1,500 டன்னை வைத்துக்கொண்டு ஆப்பிரிக்கா போவது அவ்வளவு பைத்தியக்காரத்தனம் இல்லை. கணக்குப் போட்டு எழுது. பழைய நோட்டு இருக்கிறதா, பரணில் போட்டுவிட்டாயா?

தைக்கு இங்கே வருவதாகச் சொன்னாயே, அதில் மாற்றம் இல்லையே? ராமநாதனும் அப்போது பெங்களூரிலிருந்து வருகிறான். அவனிடம் நீ வாங்கிய கடனைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான், ஜாக்கிரதை. அண்ணிக்கு எங்கள் வணக்கம்.

இப்படிக்கு
உன் நண்பன்
கணேசன்