கொடிமலையிலிருந்து இறங்கும் வரிசை: மீண்டும் ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்: ஆயர் ஈத்தாம் வட்டாரப் பொதுமக்கள்
பெறுநர்: மலை ரயில் சேவைக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள், பினாங்கு
பொருள்: மாலை வேளையில் கொடிமலை (பினாங்கு மலை) ரயிலின் மேல் நிலையத்தில் முதியோரும் குழந்தைகளும் நெடுநேரம் நிற்க நேர்வது

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே குறையைச் சொல்லி முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் வராததால் மறுபடியும் எழுதுகிறோம். மேல் நிலையம் தங்களுக்குத் தெரிந்த இடம் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

1. காலையில் சிக்கல் இல்லை. மாலையில் ஏறுகிறவர்கள் பொழுது சாய்ந்து, கீழே நகரின் கொம்தார் கோபுரத்திலும் பினாங்குப் பாலத்திலும் விளக்கு எரிவதைப் பார்க்கும்வரை இறங்குவதில்லை. பார்த்ததும் எல்லாரும் ஒன்றாக நிலையத்துக்கு வருகிறார்கள்.

2. பெட்டிகளைக் கூட்டச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. ஒரே கம்பிவடத்தில் இரண்டு பெட்டிகள். கிணற்றின் இரட்டை வாளி போல ஒன்று இறங்கினால்தான் மற்றது ஏறும். ஒரு பெட்டிக்கு 100 பேர். ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்துப் பத்து நிமிடத்துக்கு ஒரு நடை என்று வைத்தால், மணிக்கு 600 பேர். மேலே 1,200 பேர் சேர்ந்துவிட்டால் கடைசி ஆளுக்கு இரண்டு மணி நேரம். இந்தக் கணக்கு கீழே டிக்கெட் விற்கும்போதே தெரியும். தெரிந்தும் ஏன் யாரும் சொல்வதில்லை?

3. எங்களை மிகவும் வாட்டுவது இதுதான். வரிசைக்குள் உட்கார இடமில்லை. மலைமேல் உள்ள அருளொளித் திருமுருகன் ஆலயத்துக்கு வரும் மூதாட்டிகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மாற்றி மறுகாலில் நிற்கிறார்கள். கழிவறைக்குப் போனால் இடம் போய்விடும் என்று தண்ணீரே குடிப்பதில்லை. நீரிழிவுக்காரர்களுக்குச் சாப்பாட்டு நேரம் தவறுகிறது. மூடுபனி இறங்கினால் தரை ஈரமாகி வழுக்குகிறது. தூங்கிய பிள்ளையைத் தோளில் போட்டிருக்கும் தாய் எதைப் பிடிப்பாள்? இதற்கிடையில் கூடுதல் கட்டணம் கட்டியவர்கள் விரைவு வழியில் பக்கத்தாலேயே போய் ஏறுகிறார்கள். பணம் கட்டினால் முன்னே போகலாம், எண்பது வயதானால் போகக்கூடாதா ஐயா?

4. ஒரு பெட்டி நின்றால் மற்றதும் நிற்கும். அப்போது வண்டி போக மிச்சமிருப்பது தாவரவியல் பூங்காவுக்கு இறங்கும் ஜீப் பாதை மட்டுமே. ஐந்து கிலோமீட்டர், செங்குத்தான வளைவுகள், மழைக்குப் பின் பாசியும் சருகும். பகலில் நடந்து பழகியவர்களுக்கே முழங்கால் விட்டுப்போகும். இருட்டில் முதியவர்களை அதில் அனுப்பவே முடியாது. ஆகவே மாலை நேரத்தில் நான்கு சக்கரங்களும் இயங்கும் ஜீப் வண்டி இரண்டு மேலேயே ஓட்டுநரோடு நிற்க வேண்டும். நின்ற பிறகு கீழிருந்து வரவழைப்பதில் பயனில்லை.

5. நாங்கள் கேட்பவை: கீழே டிக்கெட் முகப்பில், இப்போது ஏறினால் இறங்க எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று ஒரு பலகை, தமிழிலும். மேலே வரிசைக்குப் பதிலாக எண் சீட்டு. எண்ணைக் கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்கலாம். எண் சீட்டுக்கு நாற்காலிகளும் ஓர் ஒலிபெருக்கியும் போதும். பெரிய செலவென்று சொல்ல முடியாது. முதியோர், மாற்றுத்திறனாளிகள், கைக்குழந்தைக்காரர்களுக்கு ஒவ்வொரு நடையிலும் பத்து இடம். ஈரத் தரையில் ரப்பர் விரிப்பு.

6. நாற்காலி! மறுபடியும் சொல்கிறோம், நாற்காலி.

1923-இலிருந்து ஓடும் ரயில் இது. 2011-இல் புதிய பெட்டிகள் வந்தபின் நடுநிலையத்தில் இறங்கி மாறி ஏறும் தொல்லை தீர்ந்தது; அதற்கு நாங்கள் நன்றியுள்ளவர்கள். ஆனால் ஏறுவதற்குச் செய்த வசதியில் பாதிகூட இறங்குவதற்கு இல்லை. தயவுசெய்து ஒரு சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, அறிவிக்காமல், வரிசையின் கடைசியில் வந்து நில்லுங்கள். எண் சீட்டும் நாற்காலிகளும் மட்டுமாவது வரும் பள்ளி விடுமுறைக்கு முன் வேண்டும். இம்முறை எழுத்துமூலம் பதில் தரும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆயர் ஈத்தாம் வட்டாரப் பொதுமக்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)