உடைத்துப் போடும் கடைகளும் ஒரு ஜப்பானியரும்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருப்பதில் ரொம்ப சந்தோஷம். ஆனால் நீ பார்த்துப் பார்த்துச் செய்த துணிக்கடையை, இடம் கைமாறியதும் புதியவர்கள் வந்த கையோடு உடைத்துப் போட்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் மனசு கனத்துப்போனது. அப்போதே ஜப்பானிய டிசைனர் ஷிரோ குராமாத்தா ஞாபகம் வந்துவிட்டது.

உலகத்துக்கு அவரை நாற்காலிகளை வைத்துத்தான் தெரியும். ஆனால் அவரும் உன்னைப் போலக் கடை இன்டீரியர் ஆள்தான். 1934இல் டோக்கியோவில் பிறந்து, தொழிற்பள்ளியில் மரவேலை படித்து, ஃபர்னிச்சர் ஃபாக்டரியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, அப்புறம் குவாசாவா டிசைன் பள்ளியில் சேர்ந்து 1956இல் முடித்தார். அடுத்த வருஷம் சான்-ஐ என்ற நிறுவனத்தில் ஷோகேஸும் காட்சி ஜன்னலும் வடிவமைக்கிற வேலை. 1965இல் சொந்த அலுவலகம். அதற்குப் பிறகு கடைசிவரை சோறு போட்டது கடைகளும் பார்களும்தான், ஃபேஷன் டிசைனர் இஸ்ஸே மியாகேயின் துணிக்கடைகளும் அதில் சேர்த்தி. அவற்றில் பெரும்பாலானவை இன்று இல்லை, போட்டோவில் பார்த்தால்தான் உண்டு.

கடை வேலை செய்துகொண்டே, யாரும் கேட்காத பொருள்களையும் அவர் செய்துகொண்டிருந்தார். 1970இல் ஆளுயர டிராயர் அலமாரி இரண்டு செய்தார், ஒன்று பக்கவாட்டில் நெளிகிறது, இன்னொன்றில் முன்பக்கமே அலை போல வளைந்து இறங்குகிறது, அந்த வளைவுக்கு ஏற்ப ஒவ்வொரு டிராயரையும் பொருத்திக் கொடுத்த ஆசாரியை நினைத்துப் பார். 1976இல் கண்ணாடி நாற்காலி. வெறும் தட்டைக் கண்ணாடிப் பலகைகள், சட்டம் கிடையாது, ஒரு ஸ்க்ரூ கிடையாது. புற ஊதா ஒளி பட்டதும் இறுகுகிற பசை அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்தது, மிஹோயா என்ற கண்ணாடிப் பட்டறையோடு சேர்ந்து விளிம்போடு விளிம்பை அதனால் ஒட்டியே முடித்துவிட்டார். புதுப் பசையைப் பார்த்ததும் இதை வைத்து எதையெல்லாம் எடுத்துவிடலாம் என்று யோசித்திருக்கிறார் பார், அந்த மூளைதான் எனக்குப் பிடித்தது.

எல்லாரும் கொண்டாடுவது 1988இல் செய்த மிஸ் பிளாஞ்ச் நாற்காலியை. தெளிந்த அக்ரிலிக்குக்குள் செயற்கை ரோஜாக்கள் மிதக்கும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் பாதி வேலையை ரோஜாவே செய்துவிடுகிறது என்று தோன்றும். அதற்கு இரண்டு வருஷம் முன்பு செய்த ஹவ் ஹை த மூன் என்ற நாற்காலி எனக்கு அதைவிட மேல். பட்டறையில் மூலையில் சாத்தி வைத்திருப்போமே, தகட்டைக் கீறி இழுத்துச் செய்கிற இரும்பு வலை, அதே சாமான்தான். வெட்டி, வளைத்து, பற்றவைத்து, நிக்கல் முலாம் பூசி, குண்டு சோபா நாற்காலியின் வடிவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். உள்ளே எலும்புக்கூடு எதுவும் இல்லை, வலையே உடம்பு, வலையே தாங்கல். எதிரே நின்றால் பின்சுவர் தெரியும். எடையில்லாத ஒன்றைச் செய்ய வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க முயன்றவர், அதை இரும்பிலேயே செய்து காட்டினார்!

நடுவில் 1981இல் இத்தாலிய டிசைனர் எத்தோரே சொட்சாஸ் தன் மெம்ஃபிஸ் என்ற டிசைனர் குழுவுக்கு அழைத்தார், வெளிநாட்டில் பெயர் பரவியது அதற்குப் பிறகுதான். 1991 பிப்ரவரியில், 56 வயதில், திடீரென்று இறந்துபோனார். மிஸ் பிளாஞ்ச் மொத்தம் 56தான் செய்தார்கள், அவர் வயசுக்கு ஒன்றாக.

டோக்கியோவின் ஷிம்பாஷியில் 1988இல் அவர் செய்த கியோதோமோ சுஷிக் கடைக்கு மட்டும் வேறு விதி. ஹாங்காங்கின் எம் பிளஸ் அருங்காட்சியகம் அந்த உள்வேலை முழுவதையும் பிரித்து எடுத்துக்கொண்டுபோய் மறுபடி கோத்து நிறுத்தியிருக்கிறது. யாரோ ஒருவருக்கு அதன் மதிப்பு தெரிந்திருந்தது, அதனால் தப்பித்தது. மற்ற கடைகளைப் பற்றி இன்று பேச முடிகிறதென்றால் படமும் வரைபடமும் மிஞ்சியதால்தான்.

அதனால் ஒன்று கேட்கிறேன். அந்தத் துணிக்கடையின் டிராயிங், அளவெடுத்த நோட்டு, மாடிப்படிக் கைப்பிடிக்கு நீ செய்து பார்த்த மாதிரி, எதையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதே. போட்டோக்களை எனக்கு ஒரு செட் அனுப்பு, நானும் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன். பொங்கலுக்கு ஊருக்கு வருவேன், அந்த இரும்பு வலையில் ஒரு ஸ்டூலாவது செய்து பார்க்கலாமா?

அன்புடன்,
உன் நண்பன்