பேதுரு எந்த மதத்தை விட்டு வெளியேறினார்?

கர்த்தருக்குள் அன்பான ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். பெந்தெகொஸ்தே சிறப்பிதழின் முதல் கட்டுரையில், பரிசுத்த ஆவி இறங்கிய அந்த நாளில் இயேசுவின் சீஷர்கள் "யூத மதத்தின் இருளை உதறிவிட்டு வெளியேறினார்கள்" என்று ஒரு வரி வந்திருக்கிறது. அந்த வரியைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. எங்களுக்கெல்லாம் வேதம் சொல்லித்தரும் இடத்தில் இருக்கும் தாங்கள் இதை எப்படி அச்சுக்கு அனுப்பினீர்கள்?

தங்களுக்குத் தெரியாததல்ல. பெந்தெகொஸ்தே யூதர்களின் பண்டிகை. பஸ்காவிலிருந்து ஐம்பதாம் நாள். அதற்காகத்தான் பார்த்தரும் மேதரும் எகிப்தில் குடியிருந்தவர்களும் எருசலேமில் கூடியிருந்தார்கள். சீஷரான பேதுரு அவர்களிடம் யோவேலையும் தாவீதின் சங்கீதத்தையும் எடுத்துக் காட்டித்தான் பேசினார். மூவாயிரம் பேர் சேர்க்கப்பட்ட பிறகு அந்தச் சபை எங்கே கூடியது? எருசலேமில் இருந்த யூதர்களின் தேவாலயத்தில், அதுவும் அனுதினமும் என்கிறது அப்போஸ்தலர் 2:46. அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே பேதுருவும் யோவானும் ஒன்பதாம் மணி ஜெபவேளைக்குப் போகிறார்கள். பல ஆண்டுகள் கழித்து அப்போஸ்தலராகிய பவுல் எருசலேமுக்குத் திரும்பியபோது, விசுவாசிகளான யூதர் அநேகமாயிரம் பேர் மோசேயின் நியாயப்பிரமாணத்துக்காக வைராக்கியமாக இருப்பதை அங்கிருந்த மூப்பர்கள் அவரிடம் சொல்கிறார்கள். பவுலும் சுத்திகரித்துக்கொண்டு தேவாலயத்துக்குள் போகிறார். வெளியேறியவர்கள் செய்கிற காரியமா இது? கொரிந்துவில் பவுலை நியாயாசனத்துக்கு முன் நிறுத்தியபோது, ரோம அதிபதி கல்லியோனே அதை யூதர்களின் உள்விவகாரம் என்று சொல்லித் தள்ளிவிட்டானே!

நான் பல ஆண்டுகள் ஓய்வுநாள் பாடசாலையில் பாடம் நடத்தியவள். சபைகளுக்கிடையே நடந்த ஒரு வேதாகமத் தேர்வில் "இயேசு எந்த மதத்தில் பிறந்தார்?" என்று கேட்டிருந்தார்கள். என் வகுப்புப் பையன் "யூத மதம்" என்று எழுதினான். சிவப்பு மையால் அடித்து மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். நேரில் போய்க் கேட்டேன். "பிள்ளைகளைக் குழப்பாதீர்கள் அம்மா" என்று சொல்லி அனுப்பினார்கள். எட்டாம் நாளில் விருத்தசேதனம் செய்யப்பட்டவர், பன்னிரண்டு வயதில் பஸ்காவுக்கு எருசலேம் போனவர், வழக்கப்படி ஓய்வுநாளில் ஜெப ஆலயத்தில் எழுந்து நின்று ஏசாயாவை வாசித்தவர். இதை எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் இல்லை!

பெரிய வெள்ளி தோறும் படும் வேதனை வேறு. இயேசு சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளில் ஒன்றைப் பேச வருகிறவர் "யூதர்கள் கொன்றார்கள்" என்று பீடத்திலிருந்து முழங்குகிறார். சிலுவை ரோமர்களின் தண்டனை, தீர்ப்பளித்தவன் பிலாத்து என்பதெல்லாம் அந்த மூன்று மணி நேர ஆராதனை முழுவதும் காணாமல் போய்விடுகின்றன. யாரையாவது மாய்மாலக்காரன் என்று திட்ட வேண்டுமா, உடனே யூதரில் ஒரு பிரிவினரின் பேரைச் சொல்லிப் "பரிசேயன்". அப்போஸ்தலர்களைக் கொலை செய்ய ஆலோசித்தபோது எழுந்து நின்று தடுத்த கமாலியேல் பரிசேயர். "நான் பரிசேயன்" என்று ஆலோசனைச் சங்கத்தின் முன் உரக்கச் சொன்னவர் பவுல்.

இந்த வெறுப்பு ஆதிச்சபை நமக்கு விட்டுப்போன சொத்து அல்ல. அவர்களுக்கு இருந்த பிரச்சினையே வேறு. 49ஆம் ஆண்டளவில் எருசலேமில் கூடி அவர்கள் வாதாடியது, யூதரல்லாத புறஜாதியார் விருத்தசேதனம் இல்லாமல் உள்ளே வரலாமா என்பதைப் பற்றி. வரலாம் என்று யூதர்களான அவர்கள்தான் தீர்மானித்து, நாலே நாலு காரியங்களை மட்டும் விலக்கச் சொல்லிக் கடிதம் எழுதி அனுப்பினார்கள். அந்தத் தயவால் உள்ளே வந்தவர்கள் நாம். பிறகு நடந்தது ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை. சீஷர்களுக்கு முதன்முதல் கிறிஸ்தவர்கள் என்ற பேர் கிடைத்த அந்தியோகியாவில், 386, 387ஆம் ஆண்டுகளிலும் சாதாரண விசுவாசிகள் யூதப் பண்டிகைகளுக்கு ஜெப ஆலயம் போய்க்கொண்டிருந்தார்கள். அதைப் பொறுக்காமல்தான் அந்த ஊர்ப் போதகரான கிறிசோஸ்தோம் பிரசங்கத்துக்குமேல் பிரசங்கமாக யூதர்களைத் தூற்றினார். 1543இல் சீர்திருத்தத் தலைவர் லுத்தர் யூதர்களின் ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொல்லியே எழுதினார். அந்த எழுத்தை ஹிட்லரின் நாசிகள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதையும் தாங்கள் அறிவீர்கள். கிறிஸ்துவின் பாடுகளுக்கு அன்று வாழ்ந்த எல்லா யூதர்களையும், இன்றைய யூதர்களையும் குற்றம் சாட்டக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1965இல் வெளிப்படையாகவே அறிவித்தது. நாம் மட்டும் பழைய பிரசங்கக் குறிப்புகளையே புரட்டிக்கொண்டிருக்கிறோம்.

"நீ வேரைச் சுமக்காமல், வேர் உன்னைச் சுமக்கிறதென்று நினைத்துக்கொள்" என்று ரோமருக்குப் பவுல் எழுதியது நம்மைப் போன்றவர்களுக்குத்தான். அதே இதழின் பின்னட்டையில் எருசலேம் புனிதப் பயண விளம்பரம் முழுப் பக்கத்துக்கு வந்திருக்கிறது. அந்த மண்ணைப் பார்க்கப் பணம் கட்டி அழைத்துப் போகிறோம், கன்வென்ஷன் மேடைகளில் யூதர்களின் எக்காளம்கூட ஊதுகிறோம். அந்த ஜனத்தின் விசுவாசத்தை இருள் என்று எழுதவும் செய்கிறோம். எனக்கு நெஞ்சு கொதிக்கிறது ஐயா. இன்றைய இஸ்ரேல் அரசின் செயல்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது வேறு வழக்கு.

சிறுவர் பக்கத்தைப் பற்றியும் முன்பே எழுதினேன். இயேசுவும் சீஷர்களும் ஐரோப்பியர் போல வெளுத்திருக்க, யூதாசுக்கும் பரிசேயருக்கும் மட்டும் வளைந்த மூக்கு வரைந்திருந்தார்கள். அந்தக் கடிதத்தில் நலம் விசாரித்த முதல் நான்கு வரிகளை மட்டும் வெளியிட்டீர்கள்.

அடுத்த இதழில் இரண்டே வரியில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அப்போஸ்தலர் 2:46, 3:1 ஆகிய வசன எண்களை அதில் சேர்த்துவிட்டால் போதும். இந்தக் கடிதத்தையும் பாதியாக வெட்டுவதாக இருந்தால் இதை விட்டுவிட்டுத் திருத்தத்தை மட்டும் போடுங்கள்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
முன்னாள் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை,
பாளையங்கோட்டை