ஏரி வண்டல் பற்றி ஏழுமலைக்கு

அன்புள்ள ஏழுமலை,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வந்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், பேத்திக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் தள்ளிப்போய்விட்டது. இப்போது தேறிவிட்டாள், நேற்று இரண்டு இட்லி சாப்பிட்டாள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கு ரொம்ப நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுவிடு.

சரி, ஏரி விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீரை டெஸ்ட்டுக்குக் கொடுத்தோம், குரோமியம் இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது, வயலுக்கு அடிக்க வண்டல் அள்ள அனுமதி வாங்கியாயிற்று, டிராக்டரும் பேசியாயிற்று என்று எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு. ரிப்போர்ட் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அது தண்ணீரைப் பற்றிய ரிப்போர்ட், வண்டலைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை. மேலே இத்தனை வருஷமாகத் தோல் பதனிடுகிற பாலாற்றுக் கரையில் ஒரு ஏரித் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்றால், வந்த உலோகத்தை எல்லாம் வண்டல் வாங்கி வைத்துக்கொண்டதோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றும்.

போன மாதம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை செய்து காட்டினேன். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு சிட்டிகை மயில்துத்தத்தை, அதாவது காப்பர் சல்பேட்டைக் கரைத்தால் இளநீலமாக இருக்கும். அதில் இரண்டு கைப்பிடி கரிசல் மண்ணைப் போட்டு நன்றாகக் குலுக்கி, மறுநாள் காலை வரை அப்படியே வைத்துவிட்டோம். மறுநாள் மேலே நின்ற தண்ணீரில் நீலமே இல்லை. ஒரு பையன் "காப்பர் செத்துப்போச்சா சார்?" என்று கேட்டான். பாட்டிலில் நீர்த்த அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். நுரைத்தது. நுரை அடங்கி மண் மறுபடி படிந்ததும், மேலே நீலச்சாயல் திரும்பி வந்திருந்தது. அந்தப் பையன் பாட்டிலைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். உன் ஏரியைப் பற்றி நான் சொல்ல நினைப்பது முழுக்க அந்தப் பாட்டிலுக்குள் இருக்கிறது.

மண் உலோகத்தைப் பிடிப்பதைப் பாடப்புத்தகத்தில் பரப்புக் கவர்தல் என்பார்கள். பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது போல உள்ளே இழுப்பதில்லை, துகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வது. அந்த மேற்பரப்பு எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறாய்? கரிசலில் இருக்கிற மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் தாது, ஒரே ஒரு கிராம், அதன் ஏடுகளை எல்லாம் பிரித்து விரித்தால் ஏறக்குறைய 700 சதுர மீட்டர். நம் கணக்கில் மூன்று கிரவுண்டு மனை! அத்தனை இடத்திலும் எதிர்மின்சுமை. ஈயம், தாமிரம், காட்மியம் எல்லாம் தண்ணீரில் நேர்மின்சுமையோடு திரிகிறவை, அதனால் போய் ஒட்டிக்கொள்கின்றன. செம்மண்ணுக்கு நிறம் கொடுக்கிற இரும்பு ஆக்சைடுக்குப் பிடி இன்னும் கெட்டி, அது உலோகத்தோடு நேரடியாகவே பிணைப்புப் போட்டுக்கொள்ளும். ஒன்று நெரிசல் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கிற ஆள், இன்னொன்று சீட்டில் உட்கார்ந்த ஆள் என்று வைத்துக்கொள். நிற்கிற ஆளைக் கால்சியம் வந்து இடித்துத் தள்ளிவிடும், உட்கார்ந்தவரை எழுப்புவது கஷ்டம்.

ஆனால் அந்த ஆளும் எழுந்து போவதுண்டு. தண்ணீரின் அமிலத்தன்மை மாறினால் போதும். அதை பி.எச். என்ற எண்ணால் அளப்பார்கள், எண் குறையக் குறைய அமிலம் அதிகம். இரும்பு ஆக்சைடு மேல் ஈயம் பி.எச். 6-ஐ எட்டுவதற்குள் ஏறக்குறைய முழுவதும் ஒட்டிவிடும், காட்மியத்துக்கு 7, 8 வரை போக வேண்டும். பி.எச். இறங்க இறங்க ஹைட்ரஜன் வந்து இடத்தைத் திரும்பக் கேட்கும், உலோகம் தண்ணீருக்குப் போய்விடும். பாட்டிலில் நீலம் திரும்பியது அப்படித்தான் (அதில் கொஞ்சம் தாமிரம் கார்பனேட்டாகப் படிந்திருந்தது, அதுவும் அமிலத்தில் கரைந்தது).

இப்போது குரோமியம். இதுதான் கொஞ்சம் சிக்கல். மண்ணிலும் தண்ணீரிலும் இது இரண்டு வடிவத்தில் இருக்கும், மூன்றாம் நிலை, ஆறாம் நிலை என்பார்கள். தோல் பதனிடப் போடுகிற உப்பு மூன்றாம் நிலைக் குரோமியம். ஏரித் தண்ணீரில் அது கரைந்தே நிற்காது, களிமண்ணில் ஒட்டியும் ஹைட்ராக்சைடாகப் படிந்தும் அடியில் போய் உட்கார்ந்துவிடும். குடிநீருக்கு வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அடிச்சேற்றில் எவ்வளவு இருந்தாலும் மேல்தண்ணீர் அந்த வரம்புக்குள் அழகாக நிற்கும். மூன்றாம் நிலையில் இருக்கிற வரை பெரிய ஆபத்தில்லை, நெல்லும் அதை வேருக்கு மேலே அதிகம் ஏற்றாது. ஆறாம் நிலை வேறு ஜாதி. புற்றுநோய் கொடுக்கிறது அதுதான். அது குரோமேட்டாக எதிர்மின்சுமையோடு இருப்பதால் களிமண் அதைப் பிடிக்காமல் விரட்டிவிடும், தண்ணீரோடு கிணற்றுக்குப் போய்விடும். ராணிப்பேட்டையில் மலை மாதிரி குவிந்து கிடக்கிற குரோமியக் கழிவைப் பார்த்திருப்பாய், அதற்குக் கீழே நிலத்தடி நீர் மஞ்சளாக வருவது இந்த ஆறாம் நிலையால்தான்.

மூன்றாம் நிலை ஆறாம் நிலையாக மாறுமா? மாறும். அமெரிக்காவில் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் பார்ட்லெட், ஜேம்ஸ் என்று இரண்டு பேர் 1979-ல் இதைக் காட்டினார்கள். மண்ணில் இருக்கிற மாங்கனீசு ஆக்சைடு மூன்றாம் நிலையை ஆறாக்கிவிடுகிறது. அதுவரை மற்றவர்கள் மண்ணை உலர்த்தி வைத்துச் சோதித்ததில் இது பிடிபடவே இல்லை, இவர்கள் வயலில் எடுத்த ஈரம் காயாத மண்ணில் செய்ததும் பிடிபட்டது. ஏரிக்கு அடியில் காற்று இல்லாத கருஞ்சேற்றில் இது நடக்காது, அங்கே இருக்கிற மக்கும் பொருளும் இரும்பும் ஆறையே மூன்றாக்கிவிடும். நீ அள்ளிக்கொண்டு போய் வயலில் விரித்து, வெயிலும் காற்றும் பட்டு, பிறகு மழையில் நனைந்தால்தான் நிலைமை மாறுகிறது. எல்லாம் மாறிவிடும் என்று சொல்லவில்லை, சின்னப் பங்குதான் மாறும். ஆனால் கொஞ்சமே போதும், கிணறு பக்கத்தில் இருக்கிறதே. அதற்கு மேல் நீ டி.ஏ.பி. உரம் போடுவாய், இரும்பு ஆக்சைடு பிடித்து வைத்திருக்கிற குரோமேட்டை அதில் இருக்கிற பாஸ்பேட் கிளப்பிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும்.

காட்மியத்தையும் மறந்துவிடாதே. ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில் கமியோகா சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் ஆற்று வண்டலோடு வயலுக்குப் பாய்ந்து அரிசியில் ஏறியது. அந்த நோய்க்குப் பெயரே இத்தாய்-இத்தாய், "வலிக்குது, வலிக்குது" என்று அர்த்தம். எலும்பு தானாக ஒடியும். பெரும்பாலும் வயதான பெண்களைத்தான் பிடித்தது. 1968-ல்தான் அரசாங்கம் ஒத்துக்கொண்டது, வயல்களில் மண் மாற்றுகிற வேலை 2012 வரை இழுத்தது. நம் ஊரில் அப்படி ஆகும் என்று சொல்லவில்லை. ஒருமுறை வயலில் ஏறிவிட்டால் இறக்குவது எவ்வளவு கஷ்டம் என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்கு ரொம்ப வருத்தமாக இருப்பது எது தெரியுமா, வயலுக்கு எது நல்ல வண்டல் என்று நம் அப்பாக்கள் கை வைத்துப் பார்த்துச் சொன்னார்களோ, வெண்ணெய் மாதிரி விரலில் வழுக்குகிற அந்த நைஸ் வண்டல்தான் உலோகத்தையும் அதிகம் பிடிக்கும். மதகுப் பக்கம் ஆழத்தில் அதுதான் கிடக்கும், வரத்துக்கால்வாய் வாயில் மணல்தான் இருக்கும். அப்பா சொன்னது தப்பில்லை, அவர் காலத்து ஏரிக்கு அது முழுக்கச் சரி.

ஒரேயடியாக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சோதித்துவிட்டு அள்ளு. மதகு, கலங்கல், நடு ஏரி, கால்வாய் வாய் என நாலு இடத்தில் எடுக்க வேண்டும், மேல் அரை அடி தனியாக, அதற்குக் கீழே தனியாக. இரும்பு மண்வெட்டி வேண்டாம், பிளாஸ்டிக் கரண்டி போதும். காயவிடாமல் காற்றுப் புகாமல் மூடி ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். மொத்தக் குரோமியம், ஆறாம் நிலைக் குரோமியம், காட்மியம், ஈயம், பி.எச். இவ்வளவும் பார்க்கச் சொல்லலாம். ஒரு இடத்தில் நல்லதாக வந்தால் அந்த இடத்து வண்டலைத் தாராளமாக அடிக்கலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கு வந்துவிடுகிறேன். டப்பா, கரண்டி, ஐஸ் பெட்டி எல்லாம் என்னிடம் இருக்கிறது. டிராக்டர்காரரிடம் இரண்டு வாரம் தள்ளி வைக்கச் சொல், அட்வான்ஸ் கொடுத்திருந்தாலும் கேட்டுப்பார். மதகுக்கிட்ட இறங்கத் தெரிந்த ஆள் ஒருவரையும் சொல்லி வை, அங்கே சேறு இடுப்பு வரை இருக்கும் என்று நீதான் எழுதியிருந்தாய். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்