பழைய வாளைச் சாணைக்குக் கொடுக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆயுத பூஜை நெருங்குகிறது. தாத்தா காலத்து வாள் வைத்திருப்பவர்கள் அதைப் பரணிலிருந்து இறக்கித் தேய்க்கும் நேரம் என்பதால் எழுதுகிறேன்.

போன வருடம் எங்கள் சித்தப்பா வீட்டு வாளைச் சாணைக்குக் கொடுத்தார்கள். போகும்போது கன்னங்கரேலென்று இருந்தது, ஆனால் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ஆற்று மணலில் தண்ணீர் ஓடிக் காய்ந்த தடம் மாதிரி அலகு முழுக்க மெல்லிய வரிகள் தெரியும். திரும்பி வந்தது புது எவர்சில்வர் தட்டு! சித்தப்பாவுக்கு ஒரே சந்தோஷம், எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அந்த வரி அழுக்கு இல்லை சார். மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண் கலத்தில், உருக்கி மெதுவாக ஆறவிட்ட எஃகில் கரிமம் ஏறத்தாழ 1.5 சதவீதம் இருக்கும். அதை அடித்து நீட்டும்போது இரும்பும் கரிமமும் சேர்ந்த கார்பைடு துகள்கள் வரிசை கட்டி நிற்பதுதான் அது. வெள்ளைக்காரர்கள் 'ஊட்ஸ்' என்று எழுதிவைத்தது இந்த எஃகைத்தான். பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவள்ளூரில் இதை உருக்கிய மூசைத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயே இதன் சூட்சுமம் தேடி லண்டனில் சில வருடம் மண்டையை உடைத்துக்கொண்டார். அமிலம் பூசி வரியைத் திரும்ப எழுப்பலாம்தான், ஆனால் அது கைதேர்ந்தவர் வேலை, அப்புறம் சாணையில் கழிந்த இரும்பு கழிந்ததுதான்.

சரி, என்னதான் செய்வது? உதிர்கிற சிவப்புத் துருவை மட்டும் எடுங்கள், அழுத்தமாக ஒட்டியிருக்கும் கருப்பை விட்டுவிடுங்கள். தையல் மெஷின் எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியால் அலகின் நீளவாக்கில் துடைத்தாலே நிறைய வந்துவிடும். புளி, செங்கல் பொடி, உப்புத்தாள் எதுவும் வேண்டாம். பிடியை வெந்நீரில் முக்கவே கூடாது, பல வாள்களில் உள்ளே அரக்கு ஊற்றித்தான் அலகைப் பொருத்தியிருப்பார்கள், சூட்டில் அது இளகிப் பிடி ஆட ஆரம்பிக்கும். வேலை முடிந்ததும் மெல்லிசாக எண்ணெய் பூசித் துணியில் சுற்றி வையுங்கள், தோல் உறைக்குள் மட்டும் வேண்டாம், ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

பூஜையன்று எலுமிச்சம்பழம் நறுக்கினால் உடனே துடைத்துவிடுங்கள். எங்கள் வாளின் நுனியில் இப்போது கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சாம்பல் கறை இருக்கிறது, ஒரே ராத்திரியில் வந்தது.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் இதற்கென்றே ரசாயனப் பாதுகாப்புக் கூடம் இருக்கிறது. அவர்களிடம் கேட்டு, பூஜைக்கு முன்னால் நீங்கள் அரைப்பக்கம் போட்டால் இன்னும் சில வாள்களாவது தப்பிக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரைக்குடி